முதல் பீப்பாய் திறந்த நாள்

பதினேழாம் அத்தியாயம்

பாலத்து முனையில் வேன் அவனை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. ஹாலிஸ் மட்டும் மண்பாதையில் கால் வைக்காமல் நின்றான். போன வாரம் அவனை அங்கேதான் நிறுத்திவைத்திருந்தோம்.

அங்கிருந்து பார்த்தால் ஆலையின் சக்கரம் தெரியும். பதினெட்டு அடி உயரம். மேலிருந்து ஓடைத் தண்ணீர் விழுந்து ஒவ்வொரு தொட்டியாக நிரம்ப, அது நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டிகளில் பாதிக்கு மேல் அவன் கையால் இழைத்தவை.

நான்கு மாதம் ஆகிறது அவன் வீட்டைப் பார்த்து. முதல் ஐந்து வாரம் குடியை நிறுத்தும் சிகிச்சை. அதற்குப் பிறகு, குடியை விட்டவர்கள் சேர்ந்து வாழும் வீடு ஒன்று ஸ்டான்டனில். இப்போதும் அங்கேதான் தங்கியிருக்கிறான். ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டு ஒரு மணிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்கு மேல் தங்க அவனுக்கே தைரியம் இல்லை.

அவன் அப்பா மெர்ல் ரேடர் பிளம் ஓடை ஆலையைக் கையில் எடுத்தபோது அதற்குக் கூரை கிடையாது. உள்ளே ஒரு மேப்பிள் மரம் வளர்ந்து நின்றது. அரைகல் இரண்டும் ஓடைச் சேற்றில் புதைந்து கிடந்தன. ஏழு வருட வேலை. ஹாலிஸ் கற்களைக் கொத்தினான். பல்சக்கரத்துக்கு உறுதியான ஹிக்கரி மரத்தில் தொண்ணூற்றாறு பற்கள் செதுக்கினான். அக்கா நோலா ரிச்மண்டில் பார்த்த ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து, ரை தானியத்தை ஊறல் போட்டு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொண்டாள். மாவு மட்டும் அரைத்து எந்த ஆலையும் பிழைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். விஸ்கிதான் அந்தச் சக்கரத்தைச் சுற்ற வைத்தது. ஹாலிஸைக் கீழே தள்ளியதும் அதுதான்.

கல் சுற்ற ஆரம்பித்த வருடம், அக்டோபர் பதினொன்றாம் தேதி, மெர்ல் தன் கையாலேயே முதல் பீப்பாயை நிரப்பினார். மூடியில் கரியால் தேதியை எழுதினார். "நாலு வருஷம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. நானும்தான்" என்றார். ஐந்து மாதத்தில் மாரடைப்பு. மதகுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தார்.

அவர் சொன்ன நாலு வருடம் இன்றோடு முடிகிறது.

நோலா அந்த வார்த்தையைக் காப்பாற்றியிருந்தாள். பின்னால் நிரப்பிய ஏழு பீப்பாய்களிலும் மாதம் ஒருமுறை குழாய் விட்டு ருசி பார்ப்பாள். முதல் பீப்பாயை மட்டும் திறந்ததில்லை. காலையில் கொட்டகைக்குள் நுழையும்போது, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல விரல் கணுவால் அதை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போவாள். அவ்வளவுதான்.

போன வாரம் முழுக்க அம்மா ஆர்டித் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள் அல்லவா? "இந்த வருஷம் வேண்டாம் நோலா. இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும். பழசானா நல்லாத்தானே ஆகும்." கணவனை நினைத்துத்தான் அம்மா தவிக்கிறாள் என்று நோலா எண்ணினாள். விருந்தாளிகளை அழைத்துவிட்டாள்.

ஹாலிஸ் ஒருவழியாகப் பாதையில் இறங்கி நடந்தான்.

*

ஆலைக்குள் நோலா, கல்லுக்கு மேலே தானியம் கொட்டும் மேல்பெட்டியில் ரை மூட்டையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். புருவம் வரைக்கும் மாவு. தம்பியைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். அவன் சட்டை வெள்ளையாகிவிட்டது.

"எளைச்சுட்டே."

"அங்க போடற ஓட்ஸ் கஞ்சியை நீ ஒரு நாள் சாப்பிட்டுப் பாரு. குடிக்கறதையே மறந்துடுவே."

"அதுக்குத்தான் போடறாங்களோ என்னவோ."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவன் காது வேறு எங்கோ போவதை நோலா கவனித்தாள். அவன் கீழே குனிந்து, கல்லிலிருந்து மாவு விழும் வாயில் கையை நீட்டினான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மாவைத் தேய்த்துப் பார்த்தான்.

"சூடா வருது. கல்லு மழுங்கிடுச்சு."

"எனக்குத் தெரியாதா? நீ இல்லாம யாரு கொத்துவா? விசாரிச்சு ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தேன். பார்த்தா கல்லறைக்குக் கல்லு செதுக்கறவன். மேல்கல்லைத் தடவிப் பார்த்துட்டு, இதுல யாரு பேரு எழுதணும்னு கேக்கறான்."

ஹாலிஸ் இந்த முறை சிரிக்கவில்லை. கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, கால்சட்டையில் நன்றாகத் துடைத்தான். இரண்டு தடவை துடைத்தான்.

"எத்தனை மணிக்கு எல்லாரும் வராங்க?"

"ரெண்டு மணிக்கு. அப்பாவோட சிநேகிதர் கார்பர் வரார். சக்கரம் தூக்கின அன்னிக்கு இருந்த அத்தனை பேரும். பதினெட்டு பேர் ஆகுது."

"நோலா, கல்லைக் கொஞ்சம் நிறுத்தேன். ஒண்ணு சொல்லணும்."

"நாளைக்கு ஊறல் போடணும்டா, இன்னும் நாலு மூட்டை இருக்கு. சொல்லு, காது கேக்குது."

"அப்பாவோட பீப்பாயைத் திறக்காதே."

"நீயும் அம்மா மாதிரி ஆரம்பிச்சுட்டியா?"

"அதுல விஸ்கி பாதிகூட இல்ல."

நோலா சாக்கின் வாயைப் பிடித்தபடி அவனைப் பார்த்தாள். கல் சுற்றும் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல ஒரு பார்வை.

"நான் குடிச்சிட்டேன்" என்றான் ஹாலிஸ். "அப்பா செத்த அடுத்த மாசம் ஆரம்பிச்சேன். நீ ருசி பார்ப்பியே, அந்தக் குழாயை எடுத்துட்டுப் போவேன். மத்த பீப்பாய்ல கை வெச்சா நீ கண்டுபிடிச்சிடுவே. அதைத்தான் யாரும் தொடமாட்டீங்கன்னு தெரியும். எடுத்தது எடுத்ததுதான். குறைஞ்ச இடத்தை அப்படியே விட்டுட்டு, தக்கையை மூடிட்டு வந்துடுவேன்."

அந்த நேரம் மேல்பெட்டியின் மணி அடித்தது. தானியம் தீர்ந்துபோகிறது என்பதற்கான மணி அது. நடுவில் தானியம் இல்லாமல் கல்லும் கல்லும் உரசினால் பொறி பறக்கும். மாவுத்தூசி நிறைந்த ஆலையில் ஒரு பொறி போதும். இருவரும் ஒரே பாய்ச்சலில் மூட்டையின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். நாலு வருடப் பழக்கம். ஒரே மூச்சில் தூக்கி, பெட்டியில் கொட்டினார்கள்.

மணி நின்றது. மூட்டையின் மறுமுனையில் தம்பி முகம். நோலாவால் அதைப் பார்க்க முடியவில்லை. போய் மதகை இறக்கினாள். தொட்டிகளில் இருந்த தண்ணீர் வடிய வடியச் சக்கரம் இன்னும் அரைச்சுற்று சுற்றிவிட்டு நின்றது.

"வா" என்றாள்.

*

பீப்பாய்க் கொட்டகையின் வாசலோடு ஹாலிஸ் நின்றுவிட்டான்.

"நான் உள்ள வரலை. வரக்கூடாது."

நோலா மரச்சுத்தியலை எடுத்து, தக்கையின் இரண்டு பக்கத்திலும் தட்டினாள். தக்கை சுலபமாக வந்தது. நான்கு வருடம் மூடிக்கிடந்த தக்கை அவ்வளவு சுலபமாக வராது.

குனிந்து பார்த்தாள். விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. அவள் மூச்சில் அது லேசாக அசைந்தது.

"நிறைஞ்சிருக்கு" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது. "ஹாலிஸ், நிறைஞ்சிருக்குடா. குடிபோதையில எதையோ கனவு கண்டுட்டு வந்து சொல்றே. முழுசா நிறைஞ்சிருக்கு."

குழாயை விட்டு எடுத்து, நீளக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினாள். நிறம் வெளிர் தேநீர்போல இருந்தது. சாராயத்தின் வீரியத்தை அளக்கும் மிதவையை அதில் விட்டாள். நல்ல விஸ்கியில் அது ஆழமாக இறங்கும். தண்ணீரில்தான் மேலே நிற்கும்.  மிதவை மேலே நின்றது.

ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். ஊறிய மரத்தின் கசப்பு. அதன் பின்னால், எங்கோ தூரத்தில், அப்பா வடித்த ரையின் காரம். விழுங்க முடியாமல் துப்பினாள்.

"தண்ணி ஊத்தியிருக்கே."

ஹாலிஸ் அவளைப் பார்க்கவில்லை. திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். புல்தரையில் நீள மேசைகளைப் போட்டு, அம்மா துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். ஊத்தினியா இல்லியா?"

மேசைப் பக்கமிருந்து கண்ணை எடுக்காமல் அவன் சொன்னான்: "ஆமா. ஊத்தினேன்."

"அப்படியே விட்டுட்டேன்னு இப்பத்தானே சொன்னே. பத்து நிமிஷம் ஆகலை."

"மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"குடிச்சிருந்தேன் நோலா. எது ஞாபகம் இருக்கு?"

"உண்மையைச் சொல்ல வந்த இடத்துலயும் பொய்யாடா?" அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "குடிச்சதைக்கூட நான் விட்டுடுவேன். அது வியாதி, தெரியும். நாலு புத்தகம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா தினமும் காலையில நான் இதைத் தட்டிட்டுப் போவேன். நீ பார்த்திருக்கே. அப்பான்னு நெனச்சு நான் தட்டறேன். நீ உள்ள தண்ணியை ஊத்திட்டு, நான் தட்டறதை நின்னு பார்த்துட்டு இருந்திருக்கே."

ஹாலிஸ் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதுபோலவும் இருந்தது, இல்லை என்பதுபோலவும் இருந்தது.

"போ" என்றாள் நோலா. "வேனை இப்பவே வரச்சொல்லு. ஒரு மணி வரைக்கும்கூட நீ இங்க இருக்காதே."

அவன் புல்தரை வழியாக நடந்தான். அம்மா அவனைப் பார்த்துத் துணியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருவதை நோலா தூரத்திலிருந்து பார்த்தாள். அம்மா ஒரு தட்டில் பன்றியிறைச்சி வைத்த பிஸ்கட் ரொட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் நின்றபடியே ஒன்றைத் தின்றான். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டான். வழக்கத்தைவிட நீண்ட நேரம். அம்மாவின் தலைமேல் தன் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

நடிக்கிறான் என்று நோலா நினைத்தாள்.

*

சரியாக இரண்டு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆப்பிள் பை கொண்டுவந்தவர்கள், பீன்ஸ் சட்டியைத் துணியில் கட்டிக் கொண்டுவந்தவர்கள். கார்பர் சர்ச்சுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எழுபத்தெட்டு வயது. சக்கரத்தின் அச்சைத் தூக்கியபோது விரல்களில் ஒன்று நசுங்கி இன்றுவரை நிமிரவில்லை.

நோலாவுக்குச் சில மணி நேரம் கிடைத்திருந்தது. அதற்குள் அவள் மூன்றாம் பீப்பாயிலிருந்து இரண்டு ஜாடி நிறைய எடுத்து வைத்தாள். இரண்டரை வயது விஸ்கி. நல்ல விஸ்கிதான். கொட்டகைக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உள்ள எல்லாருக்கும் இடம் பத்தாது. இங்கேயே ஊத்தறேன்" என்றாள்.

யாரும் சந்தேகப்படவில்லை. ஏன் சந்தேகப்பட வேண்டும்? மெர்லின் மகள் சொல்கிறாள்.

கார்பர் கண்ணாடி டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"மெர்லோட கை" என்றார். "வேற யாருக்கும் இது வராது. அவன் எதுத்தாப்பல உட்கார்ந்து வம்பு பேசற மாதிரி இருக்கு."

பதினெட்டுப் பேரும் டம்ளரைத் தூக்கினார்கள். யாரோ மெர்ல் என்றார்கள். எல்லோரும் மெர்ல் என்றார்கள். நோலாவும் சொன்னாள். அவள் வடித்த விஸ்கி. அப்பா போன பிறகு, தனியாக, கையைச் சுட்டுக்கொண்டு வடித்தது. அந்தப் பாராட்டு தனக்கு வராதபடி அவளே பார்த்துக்கொண்டாள்.

அம்மா மட்டும் டம்ளரைத் தொடவில்லை. மேசை ஓரத்தில் துணியின் மடிப்பை நீவியபடி நின்றாள்.

"எவ்வளவு போச்சு?" என்று கேட்டார் கார்பர். "நாலு வருஷத்துல மரம் நல்லாக் குடிச்சிருக்குமே."

"அஞ்சுல ஒரு பங்கு இருக்கும்" என்றாள் நோலா. இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்லும் பதில். பீப்பாய் மரம் வருடா வருடம் கொஞ்சம் குடிக்கும்; கொஞ்சம் காற்றோடு போகும். நான்கு வருடம் கிடந்த பீப்பாய் நிறைந்திருக்கவே இருக்காது.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அது விளிம்புவரை நிறைந்திருந்தது. ஹாலிஸுக்குப் பீப்பாய் தெரியும். எவ்வளவு குடித்திருந்தாலும் தெரியும். ஏமாற்ற நினைத்துத் தண்ணீர் ஊற்றுகிறவன் ஒரு சாண் விட்டுத்தான் ஊற்றுவான். விளிம்புவரை ஊற்றியவருக்கு இந்தத் தொழில் தெரியாது. குறைந்ததை நிரப்ப வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.

நோலா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். அம்மா இன்னும் அந்த ஒரே மடிப்பைத்தான் நீவிக்கொண்டிருந்தாள்.

*

எல்லோரும் போக நாலு மணி ஆகிவிட்டது. அம்மா சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நோலா ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று துடைத்தாள். ஆறு டம்ளரைத் துடைத்து அடுக்கினாள்.

"எப்போலேர்ந்தும்மா?"

ஆர்டித் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. குழாயை மூடினாள்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஜனவரி. விடிஞ்சும் அவன் படுக்கையில இல்லை. தேடிட்டுப் போனேன். பீப்பாயைக் கட்டிக்கிட்டுத் தரையில தூங்கறான். குளிர்ல உதடெல்லாம் நீலமா இருக்கு. அவனை இழுத்துட்டு வந்து அடுப்புப் பக்கத்துல போட்டுட்டு, திரும்பிப் போய்ப் பார்த்தேன். தட்டிப் பார்த்தேன். காலிச் சத்தம் கேட்டுச்சு."

"நான் தட்டுவேன்னு…"

"தினம் தட்டுவியே. சத்தம் மாறினா கண்டுபிடிச்சிடுவே. தேநீர்க் கெட்டில்ல கிணத்துத் தண்ணி கொண்டுபோய் ஊத்தினேன். அப்புறம் மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பேன். குறைஞ்சிருந்தா ஊத்துவேன். குளிர் நாள்ல தண்ணி உறைஞ்சிடுமோன்னு சுடவெச்சுக்கூட ஊத்தியிருக்கேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ அவனைத் துரத்தியிருப்பே."

நோலா மறுக்க வாயைத் திறந்தாள். அன்று காலை அவனை என்ன சொல்லி அனுப்பினோம் என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

"அப்பத்தான் உங்கப்பாவைக் கொண்டுபோய் வெச்சுட்டு வந்திருந்தேன்" என்றாள் ஆர்டித். "வருஷம்கூட முழுசா ஆகலை. இன்னொருத்தரை இந்த வாசலைத் தாண்டி அனுப்பத் தெம்பு இல்லை எனக்கு."

"அதனால அவன் இன்னும் ரெண்டு வருஷம் குடிச்சான்."

"ஆமா."

அம்மா அதைச் சொன்ன விதத்தில் நோலாவின் கை நின்றுவிட்டது. மறுப்பு இல்லை, அழுகை இல்லை.

"அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றாள் ஆர்டித். "ஜூன் மாசம் அவனை ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்களே, அப்ப அந்தப் பொண்ணு கேட்டா, எத்தனை நாளா குடிக்கிறார், வீட்ல யாருக்கும் தெரியாதான்னு. தெரியாதுன்னு சொன்னேன். நான் ஊத்தின ஒவ்வொரு கெட்டிலும் எனக்கு ஞாபகம் இருக்கு."

நோலா துணியைப் பிழிந்தாள். அது ஈரமாகவே இல்லை.

"அவன்கிட்ட சொல்லிடாதே" என்றாள் அம்மா. "அவன் இந்த வீட்ல நிமிர்ந்து பார்த்துப் பேசற முகம் என் முகம் ஒண்ணுதான். இதுவும் தெரிஞ்சா, அதுவும் போயிடும்."

*

ஸ்டான்டன் நாற்பது நிமிஷம். நோலா போய்ச் சேர்ந்தபோது மலைமுகட்டில் இன்னும் கொஞ்சம் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஹாலிஸ் அந்த வீட்டின் முன்படியில் உட்கார்ந்து ஒரு கூடை மக்காச்சோளக் கதிர்களின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். இரவுச் சாப்பாட்டில் அவன் முறை.

வழியெல்லாம் அவள் பயந்துகொண்டே வந்திருந்தாள். வேன் அவனை இங்கே கொண்டுவந்து விட்டிருக்காது, எங்காவது இறங்கியிருப்பான், ஒரு கடைக்குள் நுழைந்திருப்பான் என்று. அவன் சோளம் உரிப்பதைப் பார்த்ததும் அந்தப் பயம் விட்டது. படியில் உட்கார்ந்தாள்.

"தண்ணி ஊத்தினது நீ இல்லை" என்றாள்.

"தெரியும்."

"அது அம்மா."

"அதுவும் தெரியும். நிறைஞ்சிருக்குன்னு நீ சொன்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டா ஒத்துக்கிட்டே?"

ஹாலிஸ் கையிலிருந்த கதிரின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தான்.

"அம்மா மேசைக்குத் துணி விரிச்சுட்டு இருந்தா. காத்துல பறக்கக்கூடாதுன்னு நாலு மூலைக்கும் கல்லு பொறுக்கி வெச்சுட்டு இருந்தா. அதைப் பார்த்துட்டு, அவதான்னு எப்படிச் சொல்றது?"

நோலா ஒரு கதிரை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

"உன்னைப் பொய்யன்னு சொன்னேன்."

"வருஷக்கணக்கா பொய்யன்தானே. ஒரு நாள் ஆள் மாறிட்டேன், உனக்கு அடையாளம் தெரியலை." அவன் லேசாகத் தோளால் அவளை இடித்தான். "அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, அப்புறம் என் முகத்தைப் பார்க்கவே மாட்டா."

அம்மாவும் தம்பியும் அவளிடம் ஒரே வாக்கைக் கேட்கிறார்கள். நோலா அதை அவனிடம் சொல்லவில்லை.

"வந்துடு ஹாலிஸ். கொட்டகைப் பக்கமே வர வேண்டாம். கல்லை மட்டும் பார்த்துக்கோ."

"காலையில மாவைத் தொட்டுப் பார்த்தேனில்ல? அப்பவே நாக்குல எச்சில் ஊறிடுச்சு. உனக்கு அது மாவு. எனக்கு, அது நாளைக்கு ஊறலாகி, அடுத்த வாரம் அண்டாவுல ஏறி, சொட்டு சொட்டா விழற வரைக்கும் எல்லாம் வாய்க்குள்ள வந்துடுது. என்னால அங்க இருக்க முடியாது. முதல் தடவையா உண்மையைச் சொல்றேன், நம்பு."

"நம்பறேன்."

நோலா உரித்த கதிரைக் கூடையில் போட்டாள்.

"நான் வடிக்கறதையே நிறுத்திட்டா?"

"அந்தப் பாரத்தை என் தலையில வெக்காதே." அவன் உடனே சொன்னான். அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவன்போல. "நாளைக்கே நான் சறுக்கலாம். சறுக்கறவங்கதான் பாதிப் பேர் இங்க. அப்ப, எனக்காக அக்கா ஆலையவே விட்டாளேன்னு நெனச்சுக்கிட்டே சறுக்கணும். உனக்கு வேண்டாம்னு தோணினா நிறுத்து. எனக்காக ஒண்ணும் செய்யாதே."

உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தண்ணீர் கொதிக்கிறது, சோளம் எங்கே என்று. ஹாலிஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"என் உளியெல்லாம் மேல்தளத்துல, தகரப்பெட்டியில இருக்கு. கல்லு கொத்தத் தெரிஞ்சவன் யாராவது வந்தா கொடுத்துடு. கல்லறைக்காரனுக்குக் கொடுக்காதே."

அவன் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போனான். நோலாவும் சிரித்தாள். கதவு மூடிய பிறகு அவளுக்கு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

காருக்குள் போய் உட்கார்ந்ததும் போன் அடித்தது.

"பார்த்தியா?" என்றாள் ஆர்டித்.

"பார்த்தேன்மா."

"சாப்பிட்டானா?"

"சாப்பிடப் போறான்."

எதிரே ஹாலிஸ் தங்கியிருந்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஹாலிஸ் ஒரு பெரிய கிண்ணத்தைப் பக்கத்து ஆளுக்கு நகர்த்துவது தெரிந்தது.

"நோலா, அதைச் சொல்லிடலையே?"

"இல்லம்மா."

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாது."

அம்மா மூச்சை விடுவது கேட்டது. வருடக்கணக்காக அடைத்து வைத்திருந்த மூச்சு மாதிரி நீளமாக வந்தது.

"சரி, வா. பார்த்து ஓட்டிட்டு வா" என்றாள். பிறகு, வேறு எதையாவது பேச வேண்டுமே என்பதற்காக, "ரை அரைச்சது அப்படியே கிடக்கு. நாளைக்கு ஊறல் போடணுமில்ல? அண்டாவைக் கழுவி வெக்கட்டுமா?"

நோலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாவியைத் திருகவில்லை.

"இப்ப ஒண்ணும் கழுவாதேம்மா" என்றாள். "நான் வரேன்."